இரண்டு முறை தட்டினால்

ஜூன் 3, திங்கள்

காலை 6.10க்குப் பழைய உப்புக் கிட்டங்கிக்குப் போனேன். இப்போது அங்கே உப்பு இல்லை. பெண்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தருகிறார்கள். திங்கள் ஜூடோ, புதன் சிலம்பம், வெள்ளி குத்துச்சண்டை. வயது தடையில்லை என்று பலகை சொல்கிறது. பலகை கோணலாகத் தொங்கியது. நேராக்கிவிட்டு உள்ளே போனேன்.

மாஸ்டர் பெயர் வடிவு. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாம்.

"வாங்கம்மா. யாரைச் சேர்க்கணும்?"

"என்னை."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு முதல் மதிப்பெண் கொடுத்தேன். விவரங்களை வரிசையாகச் சொன்னேன். பெயர் ஹெர்மினா. வயது எழுபத்தொன்று. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை, ஓய்வுபெறும்போது சூப்பர்வைசர். கணவர் காஸ்பர் இறந்து ஆறு வருடம். தனியாக இருக்கிறேன். டாக்டரின் கடிதம் இதோ.

"என்னம்மா கத்துக்கணும்?"

"விழாமல் இருக்க."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். போன வருடம் நான் வழுக்கி மணிக்கட்டு உடைந்தபோது, பெங்களூரிலிருந்து அலாய்சியஸ் ஓடிவந்தான். என் ஒரே மகன். "இன்னொரு தடவை விழுந்தா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சரியாம்மா?" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 3ஆம் தேதி வருகிறான். இரண்டு மாதம் இருக்கிறது.

சிலம்பம் மட்டும் போதும் என்றேன். கையில் கம்பு இருந்தால் விழமாட்டேன். மேலும் எதையும் ஒன்றாக எடுத்து ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்றுதான் கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களை வளர்த்தார்கள்.

"விழும்போது கையில கம்பு இருக்கும்னு யாரும்மா எழுதிக் குடுத்தா? மூணையும் படிங்க. எது எப்ப உதவும்னு நமக்குத் தெரியாதுல்லா" என்றாள் வடிவு.

வாதம் சரியாக இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

மே 28 பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5, புதன்

சிலம்பம். கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும். என் நெற்றிக்குச் சரியாக ஒரே ஒரு கம்பு இருந்தது. அதை எடுக்கப் போனால் இன்னொரு கையும் அதே கம்பைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தால் லில்லிபாய்!

லில்லிபாய் என் பக்கத்து வீட்டுக்காரி. தையல்காரி. ஐம்பத்தெட்டு வயது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் தொலைக்காட்சியில் யார் யாரை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவள் வீட்டு முருங்கை மரம் என் புழக்கடைக்குள் சாய்ந்து, கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஊர்ந்தது. மாநகராட்சிக்கு முறைப்படி மனு கொடுத்தேன். வந்தவர்கள் கிளையை மட்டும் வெட்டாமல் மரத்தையே பாதியாக வெட்டிவிட்டுப் போனார்கள். அது என் தவறல்ல. மனுவில் 'கிளை' என்று தெளிவாகத்தான் டைப் செய்திருந்தேன்.

கம்பை அவளே விட்டுவிட்டாள். நான் நன்றி சொல்லவில்லை. பேச்சில்லாதவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 7, வெள்ளி

குத்துச்சண்டை. இடது கால் முன்னே, இரண்டு கையும் முகத்துக்கு முன்னே. கையுறையில் அடுத்தவர் வேர்வை வாடை. வீட்டுக்கு வந்து டெட்டாலில் கை கழுவினேன். கேஸ் புக் செய்தேன்.

ஜூன் 10, திங்கள்

விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளப் போனவளை இன்று முப்பது தடவை விழ வைத்தார்கள்.

ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதானாம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்காலை மடக்கி, உருண்டு, கையால் விரிப்பைப் பளார் என்று அறைய வேண்டும். நான் நேராக நின்றபடியே சாய்ந்தேன்.

"அம்மா, விளக்குக் கம்பம் மாதிரி சாயாதீங்க. கூனுங்க!"

கூனுவதா? தலையில் புத்தகம் வைத்து எங்களை நடக்கப் பழக்கிய சிஸ்டர் இதைக் கேட்டிருந்தால் ஜெபமாலையைக் கையில் எடுத்திருப்பார்.

எடையும் உயரமும் பார்த்து ஜோடி சேர்த்தாள் வடிவு. எனக்கு லில்லிபாய். எங்களுக்குள் பேச்சில்லை என்பதை வடிவிடம் சொன்னேன். "பேசவே வேண்டாம்மா. வலிச்சா ரெண்டு தட்டு தட்டுங்க, அவங்க விட்டுடுவாங்க. உலகம் முழுக்க அதான் வழக்கம்" என்றாள்.

விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்து கிட்டங்கிக் கூரையைப் பார்த்தேன். தகரம், பதினாறு ஆணி. மல்லாந்து கூரை பார்ப்பது எனக்குப் புதிதல்ல. குளியலறைக் கூரையில் விரிசல் பதினொன்று.

ஜூன் 12, புதன்

உடம்பு முழுவதும் வலி. போனேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று ஒரு ரகளை. பாயில் அமுக்கிப் பிடிக்கும் பயிற்சி. லில்லிபாய் என் கழுத்தோடும் கையோடும் சேர்த்து இறுக்கிப் பிடித்து மேலே சாய்ந்தாள். அறுபத்தாறு கிலோ. நான் தட்டவில்லை. அவள் பிடியை விடாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் கூரை ஆணிகளை எண்ணினேன். பதினாறாவது ஆணியில் தோளில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் தட்டவில்லை. அவளேதான் விட்டுவிட்டு எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிடிக்கப்பட்டது நான். அழுதது அவள்!

வடிவுக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா தட்டல?"

"தாங்க முடிந்தது."

"உங்களுக்கு முடியும். ஆனா புடிச்சிருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க தட்டுவீங்கன்னு நம்பித்தான் அவங்க புடிக்காங்க. தட்டாம கெடக்கிறது வீரம் இல்லம்மா. கூட வெளையாடுறவங்களை ஏமாத்துறது."

முப்பத்து நான்கு வருடப் பணியில் என்னை ஒருவரும் ஏமாற்றுக்காரி என்று சொன்னதில்லை. எலும்பு முறியவில்லை, தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார். இடது கையாலேயே சீலா மீன் ஆய்ந்து குழம்பு வைத்தேன். நன்றாகவே வந்தது.

ஜூன் 20, வியாழன்

அலாய்சியஸ் போன் செய்தான்.

"எப்படிம்மா இருக்கீங்க? எங்கேயும் விழலியே?"

"காலையில் உடற்பயிற்சிக்குப் போகிறேன். நன்றாக நிற்கிறேன், நன்றாக நடக்கிறேன்."

"சூப்பர்ம்மா. திருவிழாவுக்கு வரும்போது பேசிக்கலாம். இங்க உங்களுக்கு ரூம் ரெடி பண்ணி வச்சிருக்கேன், சும்மா, ஒருவேளைக்கு."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். அவன் அறை தயார் செய்துவிட்டான் என்பது மட்டும் மதியம் வரை மனதை விட்டுப் போகவில்லை. காஸ்பர் கட்டிய வீடு இது. மழைத்தண்ணீர் எந்த மூலையில் இறங்கும் என்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஜூன் 24, திங்கள்

தட்டினேன். இரண்டு தட்டு. லில்லிபாய் சுவிட்சை அணைத்தாற்போல் உடனே விட்டாள். இதில் பெரிதாக எதுவும் இல்லை. ஏன் இவ்வளவு நாள் செய்யவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

சிலம்பம் என்றுதான் போனேன். இன்று மூன்றும் கலந்து வரும் என்று வடிவு அறிவித்தாள். எதிராளி எதை வேண்டுமானாலும் செய்யலாம், நாமும் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

லில்லிபாய் கம்போடு வந்தாள். சிலம்பத்துக்கு நின்றேன். சட்டென்று கம்பைக் கீழே போட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"இது எந்தப் பாடம்?" என்று வடிவைப் பார்த்துக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் விரிப்பில் கிடந்தேன். விழுந்தது மட்டும் அழகாக விழுந்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"திருடன் டைம்டேபிள் பாத்து வரமாட்டாம்மா" என்றாள் வடிவு. "மூணு வித்தையையும் மூணு டப்பாவுல அடைச்சு வச்சிருக்கீங்க. டப்பாவத் தேடுறதுக்குள்ள ஆள் மேல விழுந்துடுதான். உடம்பு என்ன கேக்குதோ அதை எடுங்க."

தொலைபேசி நிலையத்தில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு துளை. மாற்றிச் செருகினால் ஆத்தூர்க்காரருக்கு அருப்புக்கோட்டை மருமகள் பேசுவாள். அப்படிப் பழகிய கை இது. சொன்னேன். வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் நன்றாகத்தான் விழுகிறாள்.

ஜூலை 8, திங்கள்

எழுதியே ஆக வேண்டும். இன்றும் கலப்புப் பயிற்சிதான். லில்லிபாய் கம்பை வீசினாள். என் கம்பால் தடுத்தேன், கை நழுவியது. கம்பு போனால் போகட்டும் என்று குத்துச்சண்டைக் காலடியில் பக்கவாட்டில் ஒதுங்கினேன். அவள் சட்டைக்கை தானாக என் கைக்கு வந்தது. அவ்வளவுதான், அறுபத்தாறு கிலோவும் விரிப்பில். மூன்று பாடமும் ஒரே மூச்சில். எந்தப் பாடம் என்று யோசிக்கவே இல்லை.

கீழே கிடந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கையுறையைக் கழற்றும்போது வடிவு சொன்னாள்: "லில்லியக்கா உங்களுக்கு மறுநாள்தான் வந்து சேந்தாங்க. 'அந்த சூப்பர்வைசரம்மா வர்ற நேரத்துலயே என்னையும் போடு'ன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் பேசமாட்டீங்கன்னா நான் நம்பணுமாக்கும்?"

அவளுக்கு அந்த நேரம்தான் வசதியாக இருந்திருக்கும்.

அலமாரி முழுவதும் ஒழித்துத் துடைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

பயிற்சி முடிந்து இருவரும் ஒரே தெருவுக்குத்தான் போக வேண்டும். இதுவரை நான் முன்னால் போவேன், அவள் இருபது அடி பின்னால் வருவாள். இன்று மழை பிடித்துக்கொண்டது. குடை என்னிடம் மட்டும்தான் இருந்தது. நின்றேன். அவள் வந்து குடைக்குள் நின்றாள். மாதா கோயில் மணிக்கூண்டு தெரிகிற வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தோளு இப்ப எப்படியிருக்கு?" என்றாள்.

"பரவாயில்லை."

"அன்னைக்கு நீங்க தட்டாம கெடந்தியளா, எனக்கு உசிரே போயிட்டுக்கா. அந்த மாதிரியே இருந்துது."

"எந்த மாதிரி?"

"மே மாசக் கடைசியில ஒரு மத்தியானம். 'தொப்'புன்னு சத்தம் கேட்டுது. ஓடிவந்து உங்க வீட்டுக் கதவத் தட்டுனேன். 'ஒண்ணுமில்ல, போ'ன்னு சொன்னிய."

குடையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"உங்க குரல் தரையில இருந்து வந்துதுக்கா. நின்னு பேசுற ஆளோட குரல் எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கேன். உள்ளயும் வரமுடியல, போகவும் மனசில்ல. உங்க வாசப்படியிலயே உக்காந்திருந்தேன். அஞ்சு மணிக்கு உங்க செருப்புச் சத்தம் கேட்டப்புறந்தான் எந்திரிச்சுப் போனேன்."

இனி எழுதாமல் இருந்து பயனில்லை. மே 28, மதியம் 1.50. குளியலறையில் வழுக்கினேன். அடி பெரிதல்ல. எழத்தான் முடியவில்லை. மூன்று மணி நேரம். கதவு தட்டிய சத்தம் கேட்டது. லில்லி என்றும் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். ஒண்ணுமில்ல, போ என்றேன். பிறகு வாளியைப் பிடித்து, கதவுக் கொண்டியைப் பிடித்து எப்படியோ எழுந்தேன்.

அத்தனை நேரமும் அவள் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மரத்தை வெட்டச் சொல்லி நான் மனு எழுதவில்லை, லில்லி. கிளையைத்தான் எழுதினேன்."

"தெரியும்க்கா. நாலு பக்கம் டைப் அடிச்சிருந்தியளாமே, வார்டு கவுன்சிலரு சொன்னாரு."

"இரண்டு பக்கம்."

குடை சிறியது. என் வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் லில்லி வீட்டு வாசலில் நின்று, உன் முருங்கையில் ஒரு போத்து வெட்டிக் கொடு, என் புழக்கடையில் நட வேண்டும் என்றேன்.

"கம்பளிப்பூச்சி வருமே?"

"வரட்டும். என் மரத்தின் பூச்சியை நானே பார்த்துக்கொள்கிறேன்."

நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்தாயிற்று. பிறகு ஓர் ஏற்பாடு. எனக்கு ஏதாவது என்றால் சுவரில் இரண்டு தட்டு. அவளுக்கு ஏதாவது என்றால் அவளும் அப்படியே. என் வீட்டு மாற்றுச் சாவி அவள் தையல் மெஷின் டிராயரில், அவளுடையது என் அலமாரியில். சோதித்துப் பார்த்தோம். கூடம், குளியலறை, சமையலறை மூன்றிலிருந்தும் கேட்கிறது. தொலைக்காட்சி ஓடினால் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்திருக்கிறாள். இப்போது யார் யாரைக் கொல்கிறார்கள் என்று தெரியாமல் போய்விட்டது.

ஜூலை 26, வெள்ளி

திருவிழாக் கொடியேற்றம். குத்துச்சண்டைக்கு விடுமுறை. கூட்டத்தில் ஒருவன் முட்டிக்கொண்டு வந்தான். இடது காலை முன்வைத்து லேசாக ஒதுங்கினேன். அவன்தான் தடுமாறினான்.

ஆகஸ்ட் 3, சனி

அலாய்சியஸ் வந்துவிட்டான். தொப்பை போட்டிருக்கிறான். வீடு முழுவதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான். மூலையில் நின்ற கம்பைப் பார்த்து, "ஊன்றுகோலா? இவ்வளவு ஆயிடுச்சா?" என்று முகம் வாடினான். நான் திருத்தவில்லை. மாசிக் கருவாடு சம்பல் கேட்டான். செய்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்து, பத்தேகால் மணிக்கு அலாய்சியஸ் புழக்கடைக்குப் போனான். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தரை ஈரம். "இந்த மாதிரி இடம்தாம்மா டேஞ்சர். நீங்க இதுல கால் வச்சீங்கன்னா..." என்று சொல்லிக்கொண்டே கால் வைத்தான். விளக்குக் கம்பம் மாதிரி சாய்ந்தான். கூனவில்லை, உருளவில்லை, கையால் அறையவும் இல்லை. படு மோசமான விழுகை.

"அசையாதே. தலை பட்டதா?"

"இல்லம்மா... இடுப்பு... ஐயோ..."

விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தான். காலை மடக்கச் சொன்னேன். மடக்கினான். கம்பைக் கொண்டுவந்து பிடிக்கச் சொன்னேன். பிடித்தான், பாதி வந்தான், வழுக்கினான். கம்பைப் போட்டுவிட்டு, காலை அகட்டி நின்று அக்குளுக்கடியில் கை கொடுத்தேன். உட்காரும் வரைக்கும் தூக்கிவிட்டேன். தொண்ணூற்று நான்கு கிலோ. இன்னொரு முறை முயன்றிருந்தால் நின்றிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். என் தோளில் பழைய வலி லேசாகத் தலைகாட்டியது.

அவனை அப்படியே உட்கார வைத்துவிட்டுப் போய்ச் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.

"என்னம்மா செய்றீங்க? ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. வாசல் கதவில் சாவி திரும்பியது. கழுத்தில் அளவு நாடாவோடு லில்லி ஓடிவந்தாள். பேச்சே இல்லை. அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. அலாய்சியஸ் நின்றுவிட்டான்.

"யாரு, லில்லி ஆன்ட்டியா? நீங்க ரெண்டு பேரும் பேசுறதில்லையே?"

"பேசல தம்பி. ரெண்டு மாசமா அடிச்சுக்கிட்டோம்" என்றாள் லில்லி.

கட்டிலில் படுக்கவைத்து, இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபோது அவன் கேட்டான். கிட்டங்கி, கம்பு, குத்துச்சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கூட இருப்பவனை ஏமாற்றிக்கொண்டு எத்தனை நாள் கிடப்பது? மே 28ஐயும் சொன்னேன். மூன்று மணி நேரத்தையும் சொன்னேன். லில்லி கதவு தட்டியதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றது.

"ரெண்டாவது தடவை விழுந்தா வருவேன்னு சொன்னீங்கம்மா."

"சொன்னேன். விழுந்துவிட்டேன். பெட்டி பரண் மேல் இருக்கிறது, எடுத்து அடுக்குகிறேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் படுப்பான். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா. பெட்டியில் ஆறு சேலை அடுக்கினேன். கம்பு பெட்டிக்குள் போகவில்லை.

பதினோரு மணிக்குச் சமையலறையில் இருந்தேன். வாசல் கதவு படார் என்று திறந்தது. லில்லி, ஒரு கையில் கத்தரிக்கோல். "எங்கக்கா? எங்க விழுந்தீங்க?" என்று கத்தினாள். நான் விழவில்லை, தட்டவும் இல்லை. இருவரும் அறைக்குள் ஓடினோம். அலாய்சியஸ் கட்டிலில் படுத்தபடி கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் சுவரில் இருந்தது.

"முப்பத்தெட்டு செகண்ட்" என்றான்.

லில்லி அவனைத் திட்டிய திட்டை எழுத முடியாது. திருவிழா நாள் வேறு. சந்தடியில் யாரோ ஒரு மணப்பெண்ணின் ரவிக்கை தப்பாக வெட்டுப்பட்டுவிட்டதாம். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சிரிக்கவில்லை.

அவள் போனபிறகு சொன்னான்: "பெங்களூர்ல எங்க அபார்ட்மென்ட்ல நாப்பது வீடு இருக்கும்மா. நான் பகல் முழுக்க ஆபீஸ்ல. நீங்க சுவத்தைத் தட்டினா யார் வருவா?"

வாக்கு கொடுத்தது நான். அதைத் திருப்பித் தர வேண்டியது அவன்.

"சேலையெல்லாம் திரும்ப அடுக்கி வைங்கம்மா. ஆனா இனிமே விழுந்தா அன்னைக்கே எனக்குச் சொல்லணும்."

"வாரம் முப்பது தடவை போன் செய்ய வேண்டியிருக்கும்."

"வீட்ல விழுந்தா!"

சரி என்றேன். கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆகஸ்ட் 7, புதன்

அலாய்சியஸ் நேற்று மாலை ரயில் ஏறிவிட்டான். ஏறும்போது கூனிக்கொண்டே ஏறினான். இடுப்பு வலி. பெங்களூரில் ஜூடோ வகுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாநகராட்சிக்குப் புழக்கடைச் சாக்கடை பற்றி ஒரு மனு டைப் செய்தேன். லில்லியிடம் படிக்கக் கொடுத்து, தவறாக எதையும் வெட்டிவிட மாட்டார்களே என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் உறையில் போட்டேன். முருங்கைப் போத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. தளிராகவும் இருக்கலாம், பூச்சியாகவும்

10.20. சுவரில் இரண்டு தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து.

10.45. போய்வந்தேன். முப்பத்தாறு விநாடியில் போனேன், அவன் எண்ணிய லில்லியின் நேரத்தைவிட இரண்டு குறைவு. மூச்சிரைக்க உள்ளே நுழைந்தால், லில்லி கரண்டியோடு நிற்கிறாள். குழம்பில் புளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதற்கெல்லாம் தட்டக் கூடாது, தட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

புளி தூக்கல். அதையும் சொன்னேன். இரண்டாம் கரண்டியும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.